தயவுசெய்து செல்போனை அணைத்துவிடுங்கள்

"ஒரு அரை நிமிஷம் சார், இப்ப வந்துர்றேன்" என்று சொல்லி, நாடகம் பார்க்க வந்த எனக்காக வாங்கிவைத்த டீயைத் தானே எடுத்துக் குடித்துக்கொண்டே வெளியே போகிறார். எங்கே என்று கேட்டுப் பயனில்லை. பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள் ஆடும், கழிப்பறைக் குழாய் சொட்டும், டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கும் அம்மா யாரையாவது முறைத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் திரும்புவதற்குள், மேஜையில் கிடக்கும் பழைய அழைப்பிதழ்களை நான் ஒன்றுவிடாமல் படித்து முடித்திருப்பேன். அந்த நாடக அரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் அவர் இல்லாதபோது 'அரைநிமிஷம்' என்கிறார்கள். எதிரே வந்தால் 'மேனேஜர் அண்ணே'.

அவருடைய நாற்காலியில் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும். கையெழுத்துப் போடுவதும் நின்றபடி, மதியச் சாப்பாடும் நின்றபடி. ஆனால் அரங்கத்தின் இருக்கைகளில் வாரம் ஒருமுறை உட்கார்ந்தே தீருவார். முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொன்றிலும் அமர்ந்து, இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டி, எழுந்து அடுத்ததற்குப் போவார். கிரீச்சென்றால் அதன் முதுகில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. "கதாநாயகி உருகி உருகி அழுவா சார். நடுவுல ஒரு நாற்காலி கத்திச்சுன்னா, அழுததெல்லாம் வேஸ்ட்." இதைச் சொல்லும்போதே கதாநாயகியின் அழுகையையும் நாற்காலியின் கத்தலையும் அவரே செய்து காட்டிவிடுவார். இரண்டில் நாற்காலிதான் எனக்கு அதிகம் பிடித்தது.

தொலைபேசியில் ஆளுக்கொரு குரல் வைத்திருக்கிறார். வாடகையைக் குறைக்கச் சொல்லி யாராவது பேசினால், நேற்றுத்தான் காய்ச்சல் விட்டு எழுந்தவர்போல் ஈனசுரத்தில் பேசுவார். எதிராளிக்கே பாவமாகிவிடும். மின்சார அலுவலகம் என்றால் பயந்த குமாஸ்தா. ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரிடம், புகாரை அவரைவிடக் கோபமாகத் திருப்பிச் சொல்லி அவரையே சமாதானம் செய்யவைப்பார். மனைவியிடம் மட்டும் சொந்தக் குரல். "சரி. சரி. வாங்கிட்டு வர்றேன்." அதற்குமேல் அந்தக் குரலில் நான் எதுவும் கேட்டதில்லை.

முன்பு அவர் மேடை நடிகர். பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. மந்திரி, வைத்தியர், கொலைகாரன், கொலைகாரனின் தம்பி என்று எது கொடுத்தாலும் செய்வார். கூட்டத்தில் நாலாவது ஆளாக மூலையில் நிறுத்தினாலும், பார்ப்பவர்கள் கண் அவர்மேல்தான் போகும். எச்சில் விழுங்கினால்கூட அதில் ஏதோ விஷயம் இருப்பதுபோல் தோன்றவைப்பார். அது அவருடைய வரம். கூட நடித்தவர்களுக்கு அதுவே வயிற்றெரிச்சல்.

மேனேஜர் ஆனது ஒரு குளறுபடியில். அப்போதிருந்த மேனேஜர் ஒரே மாலைக்கு இரண்டு குழுக்களுக்கு அரங்கத்தைக் கொடுத்துவிட்டு, ஆளே அகப்படாமல் போய்விட்டார். இரண்டு குழுவும் சாமான்களோடு வாசலில் வந்து இறங்கி அடிதடிக்குத் தயாராக நின்றன. அதில் ஒரு குழுவில் நம்மவருக்கு நீதிபதி வேஷம்; முன்னாலேயே வந்து உள்ளே ஒப்பனை போட்டு முடித்திருந்தார். அதே அங்கியோடும் நரைத்த மீசையோடும் வெளியே வந்து இரண்டு தரப்பையும் விசாரித்து, ஒருவருக்கு முன்மாலை, மற்றவருக்குப் பின்மாலை என்று தீர்ப்புச் சொன்னார். இரு தரப்பும் கட்டுப்பட்டதுதான் வேடிக்கை. அரங்கத்தின் நிர்வாகிகள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்கு இந்த வேலையைப் பாருங்கள் என்றார்கள். "பார்க்கிறேன்னேன் சார். இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன்." மேனேஜர் நடிக்கக் கூடாது என்பது நிர்வாகிகளின் விதி. வேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாராம்: "மாசாமாசம் ஒரே தேதியில சம்பளம் வந்தா எப்படி இருக்கும்னு எனக்கும் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க."

அப்படியும் மேடையில் ஒரு துண்டு இடத்தை அவர் தன்னிடமே வைத்துக்கொண்டார். நாடகம் தொடங்குமுன் செல்போனை அணைக்கச் சொல்லும் அறிவிப்பு. மூன்றாவது மணி அடித்ததும் மூடிய திரைக்கு முன்னால் வந்து நிற்பார். வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அதிர்கிற மாதிரி ஒரு துள்ளல். நம்மிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இல்லாத போனை எடுத்து, இல்லாத மைத்துனரிடம் பேசுவார். மைத்துனர் வைக்கமாட்டார். இவர் கெஞ்சுவார், குழைவார், கடைசியில் போனின் கழுத்தை நெரித்துப் பையில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கும் மைத்துனர்கள் இருப்பார்கள்" என்பார். கூட்டம் கொல்லென்று சிரித்துக் கைதட்டும். மைத்துனர் அதே மைத்துனர்தான், ஆனால் ஒரு தடவை செய்த சேட்டையை மறு தடவை செய்யமாட்டார். அதற்கு முன்னால் தாழ்வாரத்தில் உதட்டை அசைத்துக்கொண்டு நடக்கும் நடையைப் பார்க்க வேண்டும். "அந்த நேரத்துல தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னாலும், அப்புறம் பார்க்கலாம்பாரு" என்பார் கவுன்ட்டர் அம்மா.

போன மாதம் அதற்கு வேட்டு விழுந்தது. புதிதாக ஒரு குழு நாடகம் போட வந்தது. அதன் இயக்குநர் ஒரு பெண், அதிகம் பேசாதவர். திரை விலகியதும் ஒரு தாய், இறந்துபோன மகனுடைய துணிகளை ஒவ்வொன்றாக மடிப்பாள். வெகுநேரம் வசனமே கிடையாது. முதல் நாள் மைத்துனர் உபயத்தில் கூட்டம் குலுங்கிக்கொண்டிருந்தபோது திரை விலகியது. தாய் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பக்கத்து வரிசைக்கும் தொற்றியது. நாடகம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

முடிந்ததும் இயக்குநர் மேனேஜர் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். இவர் வழக்கம்போல "ஒரு அரை நிமிஷம்மா" என்று நழுவப் பார்த்தார்.

"நில்லுங்கண்ணே" என்று அவர் வாசலை மறித்தார். "நாடகத்தை நீங்களே ஆரம்பிச்சு நீங்களே முடிச்சிட்டீங்க. அப்புறம் நாங்க எதுக்கு?"

"ஜனங்க நல்லாத்தானேம்மா சிரிச்சாங்க?"

"அதான்ணே. அந்தம்மாவுக்குப் பையன் செத்துப்போயிருக்கான். இவங்க அடுத்த ஜோக் எப்ப வரும்னு உக்காந்திருக்காங்க." கதவு நிலையிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. "நாளைக்கு நீங்க மேடையில ஏறக்கூடாது. ரெக்கார்ட் பண்ணிப் போடுங்க. முடியாதுன்னா நாங்க சாமானைக் கட்டிக்கிட்டுப் போறோம்."

அவர் போன பிறகு, நம் மேனேஜர் கோப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ சொல்றது நியாயம் சார். மேனேஜரா யோசிச்சா, இந்த ஆளை மேடைப் பக்கமே நான் விடமாட்டேன்" என்றார். பிறகு, "ஆனா எனக்கு மிச்சம் அது ஒண்ணுதானே சார்" என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருடைய அறிவிப்புக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் நான்.

மறுநாள் மத்தியானம் ஒலிப்பதிவு. சவுண்டு பார்ப்பவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "அண்ணே, கெஞ்சுறீங்க. இன்னொரு தடவை." "இப்ப மிரட்டுறீங்க." "இப்ப லேசா அழுவுற மாதிரி இருக்குண்ணே." கவுன்ட்டர் அம்மாவைப் பேசவைத்துப் பார்த்தார்கள். கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்கே போய்விடுவார்கள் போலிருந்தது. சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு, தன் குரலை எல்லாம் கேட்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அறிவிப்பே இல்லாமல் விடவும் வழியில்லை. துணி மடிக்கும் நேரத்தில் ஒரு போன் அலறினால் முடிந்தது கதை.

"நானே சொல்லிடுறேம்மா" என்றார் இவர், இயக்குநரிடம். "ஒண்ணும் பண்ணாம சொல்லிடுறேன்."

"உங்களால முடியாதுண்ணே."

"நம்பும்மா."

மாலை முழுக்கத் தாழ்வாரத்தில் நடந்தார். துணைக்கு என்று என்னையும் மேடைப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பக்கத் திரைக்குப் பின்னால் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டாவது மணி அடித்தபோது இவர் என் காதருகே குனிந்தார். "சார், ஒண்ணுமே பண்ணாம எப்படி சார் நிக்கிறது?"

மூன்றாவது மணி. திரைக்கு முன்னால் போய் நின்றார். வழக்கமாக வருகிறவர்கள் அவரைப் பார்த்ததுமே இளிக்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் முன்பணமாகக் கைதட்டலே கொடுத்துவிட்டார். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டார். "நாடகம் தொடங்கப்போகிறது. தயவுசெய்து செல்போனை அணைத்துவிடுங்கள். நன்றி." அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் கண்டக்டர் குரல். முகத்தில் ஏதாவது வரும் என்று கூட்டம் காத்திருந்தது. வரவில்லை. இளிப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. அவரவர் பையில் கைவிட்டார்கள். இருட்டில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் அணைந்தன. யாரும் கைதட்டவில்லை. வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேஷம் அவருக்குக் கிடைத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. என் கை தட்டத் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்தார். திரை விலகியது. தாய் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். அந்த உதறல் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி. அவள் இரண்டாவது சட்டையை எடுக்கும்போது கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இயக்குநர் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, இவர் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு மேடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நெற்றி, கன்னம், காதோரம், மோவாய்க்குக் கீழே என்று, அரிதாரம் கலைக்கிற வரிசையில் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, மேடையிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் கைக்குட்டையை விரித்துப் பிடித்து, அதில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தார்.