நாலரை மணி முயல்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதம். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கெல்லாம் வேன் என்னை வீட்டில் இறக்கிவிடும். இரண்டாம் வகுப்புப் படித்த மகள் அடம்பிடித்ததால் ஒரு வெள்ளை முயல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கம்பிக் கூண்டில் வைத்திருந்தோம்.

தினமும் நாலரை ஆனால் போதும், முயல் கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்துவிடும். ஒரே கம்பி, ஒரே இடம், அரைமணி நேரம் ஓயாது. பசியில் சாப்பாடு கேட்கிறது என்றுதான் நினைத்தேன். கேரட்டை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்காது. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முயலிடம் கடிகாரம் தோற்றது என்று வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அப்படியொரு அறிவாளி நான்.

ஒரு மாதத்தில் முயல் எலும்பும் தோலுமாகிவிட்டது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் ஒடிந்து, ஈறெல்லாம் சீழ்.

"கடிக்கிற நேரத்துல அங்கன என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம். எப்பவும் போலத்தான்."

"பயந்தா இப்படித்தான், ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்யும். நாளைக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க."

மறுநாள் உட்கார்ந்தேன். சரியாக நாலரைக்கு, பின்னாலிருந்த பட்டாசுக் கம்பெனியின் இரும்புக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. முயல் காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, ஒடிந்த பல்லோடு கம்பியைக் கடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முதல் வெடி. செய்த சரக்கை கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து வெடித்துப் பார்ப்பார்கள். தீபாவளி சீசனில் தினமும் நடப்பதுதான். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய எனக்கு அது ஒரு சத்தமாகவே பட்டதில்லை.

"வெடிக்கா இம்புட்டு நாளா பயந்துச்சு? நாம யாரும் கவனிக்கவே இல்லியே" என்று என் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

முயலை வீட்டுக்குள் வைத்து மருந்து கொடுத்தும் பலனில்லை. அரைத்த கீரையைக்கூட விழுங்க முடியாமல் நான்காம் நாள் இறந்துபோனது.

"நாம நல்லாத்தானப்பா பாத்துக்கிட்டோம்?" என்று மகள் கேட்டாள்.

அதன்பிறகு அந்த வெடிகளில் ஒன்றுகூட என் காதில் விழாமல் போனதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஓர் உயிர் தினமும் நடுங்கிக்கொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டு நின்றேனே என்று ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருக்கிறது.