பல்செட்டுக்காரரின் உள்ளூர்க் கடல்

வெளிநாட்டுப் பயணம் என்று யாராவது பேச்சை எடுத்தால் போதும், பல்செட்டுக்காரர் கையிலிருக்கும் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க? கடலா? நம்ம கடல்ல உப்பு கம்மியா? பாஷை தெரியாத ஊர்ல வயித்து வலி வந்தா டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்லுவீங்க? கையக் காட்டியே காலத்த ஓட்டிடுவீங்களா?"

பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளில் அந்தப் பட்டறை இருந்தது. கீழேயிருந்து வாய் அச்சுகள் வரும். மேலே அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மெருகேற்றிக் கீழே அனுப்புவார்கள். முப்பது வருஷமாக அதுதான் அவர் வேலை. பிளாஸ்டர் கலக்குகிறவனுக்கு எப்போதும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அப்பியிருக்கும். அதனால் அவனுக்குப் பெயரே மாவு என்று ஆகிவிட்டது.

"அண்ணே, நீங்க வருஷா வருஷம் போற கடற்கரை ஓட்டலுக்குக் குடுக்கற காசுல வெளிநாட்டுக் கடலையே பாத்துட்டு வந்துடலாமாம். எங்க மாமா சொன்னாரு" என்று மாவு ஒருநாள் கொளுத்திப் போட்டான்.

"உங்க மாமா போயிட்டு வந்து சொல்லட்டும். போகாதவன் பேச்ச நான் கேக்கறதில்ல" என்றார் பல்செட்டுக்காரர். பட்டறையே சிரித்தது. அவரும்தான் போனதில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் வேலை. எந்த நாட்டுக்கு எந்தத் தாள், எந்தப் பொருளை அனுப்பக் கூடாது, எத்தனை நாளில் போய்ச் சேரும் என்பதெல்லாம் விரல் நுனியில். "உலகத்துல எல்லா ஊருக்கும் எவ்வளவு எடை போகும்னு எனக்குத் தெரியும். என்னை மட்டும்தான் யாரும் தராசுல ஏத்தல" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பு நிஜமாக இருந்தது. போகப் போகப் பல் மட்டும் தெரிந்தது. பல்லைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் அந்த வித்தியாசம் அவருக்குப் புரியாமல் இல்லை.

குழந்தைகள் இல்லை. அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம் ஒரே ஒரு அக்கா. கல்யாணம் ஆன நாலாவது வருஷம் அக்காவின் கணவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். எந்த நாடு என்று மனைவி சொன்னபோது பல்செட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார். "வயிறு சரியில்ல" என்றார். அவளும் நம்பினாள்.

அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள் கேட்டுவிடுவாள். "அக்கா கூப்பிடறா. ஒரு தடவ போயிட்டு வருவோமாங்க?"

அவரிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு வருஷம் குளிர், ஒரு வருஷம் விமான விபத்து, ஒரு வருஷம் பட்டறையில் ஆள் இல்லை. மறுத்த குற்றத்துக்குப் பரிகாரம் போல, அடுத்த மாதமே உள்ளூர்க் கடற்கரையில் ஒரு வாரத்துக்கு அறை போடுவார். முதலில் சாதாரண விடுதி. பிறகு கொஞ்சம் நல்லது. கடைசியில், கரையையே வேலி போட்டு வளைத்து, விருந்தினர்களைத் தவிர வேறு யாரும் கால் வைக்க முடியாதபடி வைத்திருந்த பெரிய ஓட்டல். ஒரு டீ குடித்தால்கூடக் கையெழுத்துப் போட வேண்டும். படுக்கை விரிப்பு கையில் வழுக்கும். ஜன்னலைத் திறந்தால் கடல் நேரே அறைக்குள் வந்துவிடும் போலிருக்கும்.

"பாத்தியா? இதுக்கு மேல எந்த நாட்டுல என்ன இருக்கு?" என்பார்.

"எங்க அக்கா இருக்கா" என்பாள் அவள்.

போன வருஷம் அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் வாசல்வரைகூட நடக்க முடியவில்லை. விமானம் ஏறும் பேச்சே கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் மூச்சு வாங்க வாங்க, "ஒரு தடவ வந்துட்டுப் போடி. உன்ன நேர்ல பாத்து எத்தன வருஷமாச்சு" என்றாள்.

மனைவி இந்த முறை கேட்கவில்லை, சொன்னாள். "நான் போறேன். நீங்க வரலன்னாலும் பரவால்ல. பாஸ்போர்ட் ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன். விசாவுக்கும் என்னென்ன வேணும்னு கேட்டுட்டேன். புருஷன் விவரமும் எழுதணுமாம். அவர் முன்னாடி அந்த நாட்டுக்கு வந்திருக்காரான்னுகூடக் கேக்கறாங்க. என்னமோ போங்க, அதையும் பாத்து எழுதிக் குடுங்க."

அவர் தாளை வாங்கினார். படிக்காமலே நாலாக மடித்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தனியா எப்படிப் போவ? இந்த வேலையெல்லாம் முடியட்டும். மழைக்காலம் கழிஞ்சதும் ரெண்டு பேருமா போவோம். சத்தியமா" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஃபாரத்தை அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தன் மேஜை இழுப்பறையில், பழைய அச்சுகளுக்கு அடியில் போட்டார்.

மழை வந்தது, போனது. "ஃபாரம் குடுத்திருக்கேன், கூப்பிடுவாங்க" என்று பொய்க்கு மேல் பொய் அடுக்கினார். பொறுக்க முடியாமல் அவள் நச்சரிக்கத் தொடங்கியதும், வாயை அடைக்க அதே பெரிய ஓட்டலில், கடலைப் பார்த்த மூலை அறையை ஒரு வாரத்துக்கு எடுத்தார்.

மூன்றாம் நாள் காலை. கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் இருவரும் ரொட்டியும் முட்டையும் எடுத்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் போன் அடித்தது. அக்கா மகன்.

"சொல்லுப்பா" என்றாள். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள். "பக்கத்துல யாரு இருந்தா?" என்றாள். போனை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா போயிட்டா" என்றாள். அழவில்லை. "இன்னிக்கே டிக்கெட் போடுங்க. நாளன்னிக்கு எடுக்கறாங்களாம். அவசரம்னு சொன்னா பாஸ்போர்ட் குடுக்க மாட்டாங்களா? நம்ம ஃபாரம் எங்க நிக்குது? யாரையாவது கேளுங்க."



"ஃபாரம் குடுக்கல" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டறை இழுப்பறையில இருக்கு. நான் குடுக்கல." இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, மிச்சத்தையும் சொன்னார். "நான் அந்த நாட்டுக்கு முன்னாடியே போயிருக்கேன்."

"எப்ப?"

"இருபத்தினாலு வயசுல."

அந்தச் சாப்பாட்டு அறையிலேயே, சுற்றி இருந்தவர்கள் பழச்சாறு ஊற்றிக்கொண்டிருக்க, முப்பத்து மூன்று வருஷமாகத் தாயைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். ஒரு தரகன் சுற்றுலா விசாவில் அனுப்பிவைத்தது. அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில், ஜன்னல் இல்லாத பட்டறையில், ஒன்றரை வருஷம் பல்செட் செய்தது. ஒருநாள் அதிகாரிகள் வந்தது. கூட இருந்த மூன்று பேரும் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். இவர் கையில் அப்போதுதான் மெழுகில் கட்டி முடித்த பல்வரிசை. கீழே போட்டால் உடைந்துவிடுமே என்று அதை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பதிமூன்று நாள் ஓர் அறையில் இருபத்தைந்து பேரோடு அடைத்துவைத்தார்கள். பிறகு கையில் விலங்கோடு விமானத்தில் ஏற்றினார்கள். இருக்கைவரை வந்துதான் அதைக் கழற்றினார்கள். சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் குழந்தையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். பாஸ்போர்ட்டில் புரியாத பாஷையில் ஏதோ முத்திரை குத்தினார்கள். அதிகாரி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினான். இனி எப்போதும் கிடையாது என்றுதான் இவருக்குப் புரிந்தது. ஊருக்கு வந்ததும் தாய், "யார் கேட்டாலும் வேற ஊர்ல பட்டறையில இருந்தேன்னு சொல்லு. இல்லன்னா பொண்ணு கிடைக்காது" என்று சொல்லிவிட்டாள்.

"உன் பேரு போட்டு விசா கேட்டா என் பேரும் வரும். எல்லாம் வெளிய வந்துடும்னு…" என்று இழுத்தார்.

அவள் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "அதுக்காக என் அக்காவ…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. எழுந்து மாடிக்குப் போய்ப் பெட்டி கட்டினாள். புறப்படும்போது வரவேற்பு மேஜையில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "தங்கினதுல ஏதாவது குறை இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். "கடல்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றாள் அவள்.

அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். அக்கா மகன் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடுவில் படம் உறைந்துபோய், யாரோ ஒருவரின் கறுப்புக் கோட்டின் முதுகு மட்டும் ஐந்து நிமிஷம் நின்றது. திரும்பப் படம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, "அந்தப் பழைய பாஸ்போர்ட்ட எடுங்க" என்றாள். பட்டறையில், காலி பிளாஸ்டர் டப்பா ஒன்றுக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார். இரண்டு பேரும் விசா ஏஜென்ட் ஒருவரிடம் போனார்கள். அந்த பாஷை தெரிந்தவர். ஏஜென்ட் முத்திரையை விளக்குக்கு அடியில் பிடித்துப் படித்தார்.

"இது அஞ்சு வருஷத் தடைங்க" என்றார். "அது முடிஞ்சு இருபத்தெட்டு வருஷமாச்சே. இதுக்கா பயந்தீங்க? மறைக்காம எழுதியிருந்தா அப்பவே போயிருக்கலாமே சார்!"

நல்ல சேதி சொன்ன திருப்தியில் ஏஜென்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பல்செட்டுக்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். அக்கா விமானம் ஏறுவதற்கு மூன்று வருஷம் முன்பே தடை தீர்ந்திருந்தது. அப்போது அவளுக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம். தம்பதியாக அவர்கள் வாழ்ந்த காலம் முழுக்க, அந்த ஒரு வருஷம் போக, கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. தள்ளிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"ரெண்டு பேருக்கும் போட்டுடவா?" என்றார் ஏஜென்ட்.

"எனக்கு மட்டும்" என்றாள் அவள்.

நாலு மாதம் கழித்து அவள் தனியாகப் போனாள். விமான நிலையத்தில் வழியனுப்ப அவர் போனார். கண்ணாடிக் கதவுவரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "உடம்பப் பாத்துக்க" என்றார். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். இருபது நாள் அங்கே இருந்தாள். இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும் வீட்டில் குழாய் ரிப்பேர் ஆனதைப் பற்றித்தான் பேசினார்கள்.

பட்டறையில் மாவு ஒருநாள் வழக்கம்போல் வாயைக் கிளறினான். "அண்ணே, அண்ணியே வெளிநாடு போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க, எந்தக் கடல் ஒசத்தி?"

பல்செட்டுக்காரர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. யாரோ ஒரு கிழவருக்கான மேல்வரிசையில் கடைவாய்ப் பல்லைப் பதித்துக்கொண்டிருந்தார். "பிளாஸ்டர் இறுகுது பாரு" என்றார். மாவு அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்தாள். அக்காவின் கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அலமாரியில் மடித்து வைத்தாள். வேலைக்குப் போனாள், சமைத்தாள், அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். பேச்சு மட்டும் அளந்துதான் வந்தது. அடுத்த விடுமுறைக்காலம் வந்தபோது எங்கே போகலாம் என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கும் போகவில்லை. இனி எந்த நாட்டில் கால் வைத்தாலும், எந்தக் கரையில் உட்கார்ந்தாலும் நடுவில் அந்தச் செத்தவள் உட்கார்ந்திருப்பாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"அங்க எறங்கினதும் நீளமா ஒரு வரிசை. ஒரு மணி நேரம் நின்னேன். பக்கத்துச் செவத்துல ஒரு கதவு. மேல ஒண்ணும் எழுதல. ஒரு பையன உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இருபது இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் வெளிய வர்ற வரைக்கும் அவன் வரல."

அவர் தண்ணீர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பதிமூணு நாளும் படுக்க ஏதாச்சும் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

"மூணு பேருக்கு ஒரு மெத்தை" என்றார் அவர். "முறை வெச்சுத்தான் படுப்போம்."

அவள் கத்தி நிற்கவில்லை. "ம்" என்றாள். "அப்புறம்?"

அவர் எதிரில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, பிறகும் ஒருபோதும் சொன்னதில்லை. பீன்ஸ் தீர்ந்தது. அவள் எழுந்து போகாமல் வெறும் தட்டோடு உட்கார்ந்து கேட்டாள்.