ரூத் வீட்டு வாசல் விளக்கு

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தால் நாளைக்கும் இதே கதைதான். ஸ்பிரிங்வேல் பக்கத்து ரத்தப் பரிசோதனை லேப்பில் ரூத்தோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சிலர் வேலை மாறிவிட்டீர்கள், சிலர் சிட்னிக்கே குடிபோய்விட்டீர்கள். செய்தி எட்டாதவர்களும் இருக்கலாம். ரூத் இறந்துவிட்டார்.

எனக்குச் சொன்னது ஜெசிந்தா அக்கா. குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் மகளின் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அழைத்தார்.

"ரூத் மோசம் போயிட்டாவாம். நித்திரையிலயே போயிட்டாவாம்."

"எந்த ரூத்? யாருக்கா சொன்னது? முழுப்பேரு கேட்டீங்களா? பொறந்த தேதி கேட்டீங்களா?"

"உமக்கென்ன விசரே? இது ரியூப் இல்லை, மனிசி."

அக்கா கோபித்துக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதானே நம் வேலை. பிறந்த தேதியில் ஓர் எண் இடித்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். "இவள் தன் கைரேகையையே இரண்டாவது முறை கேட்பாள்" என்று நீங்கள் கிண்டல் செய்தது எனக்குத் தெரியும். ரூத்துக்கு என்னிடம் பிடித்ததே அதுதான்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய வருடம், யூதர்களின் புத்தாண்டுக்கு முந்தைய நாள், ரூத் ஆப்பிள் துண்டுகளும் தேனும் கொண்டுவந்தார். எல்லோரும் தொட்டுத் தின்றுகொண்டிருக்க, நான் பாட்டிலைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். "இது உன் குழந்தைக்கு" என்று ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பது இந்த வயதில் இவருக்குத் தெரியாதா? தெரிந்தே கொடுக்கிறாரா? அவர் குப்பியைத் திருப்பிக் காட்டினார். நம் குழாய்களில் ஒட்டும் அதே லேபிள். மகளின் பெயர், பிறந்த தேதி, அதன் கீழே: "முதல் பிறந்தநாளுக்கு முன் திறக்கக் கூடாது." எழுத்தைச் சரிபார்த்தேன். பிழையில்லை.

அன்றைக்கே எனக்கொரு வேலையும் தந்தார். அந்த வருடத்துக்கு ஒரு தீர்மானம் எடுத்திருப்பதாகவும், அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

"நான் எதுக்கு? உங்க மகன் இருக்காரே."

"அவன் என்னை நேசிக்கிறான். போகட்டும் என்று விட்டுவிடுவான். நீ யாரையும் நம்புவதில்லை."

அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குப் புத்தாண்டுகள் பல. ஜனவரியில் ஒன்று, யூதர்கள் மரங்களுக்காகக் கொண்டாடுவது ஒன்று, நாம் பாயசம் கொண்டுபோகும் சித்திரையில் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாகச் செப்டம்பர் வாக்கில் வரும் அந்தத் தேன் புத்தாண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்மானம். "மனிசிக்கு வருசத்தில எத்தினை வருசப்பிறப்பு! எனக்குத் தவக்காலத்தில தேத்தண்ணியை விடவே உயிர் போகுது" என்பார் மன்னார்க்காரரான ஜெசிந்தா அக்கா. "ஈஸ்டர் அன்று காலையிலேயே குடித்துவிடுகிறாயே" என்பார் ரூத். "அது யேசுவுக்கும் எனக்கும் உள்ள கதை. நீங்கள் இடையில வராதேங்கோ!"

எனக்கு இந்தத் தீர்மானங்கள் மேலேயே சந்தேகம். அதிலும் ஒருநாள் போனில் எதையோ தேடப்போய் ஒன்றைப் படித்தேன். புத்தாண்டு கழிந்து வரும் அவர்களுடைய விரத நாளின் மாலையில், சபதங்களெல்லாம் செல்லாமல் போகட்டும் என்று கோயிலில் ஓதுவார்களாம். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நினைப்பில் மறுநாள் ரூத்திடம் போனேன். "முதல்ல தீர்மானம், பிறகு ரத்து. நல்ல ஏற்பாடுதான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அது கடவுளிடம் சொன்னவற்றுக்கு மட்டும். மனிதரிடம் சொன்னதை எந்த ஜெபமும் அழிக்காது. அந்த மனிதரே விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்."

சித்திரையில் என்னையும் ஒரு தீர்மானம் எடுக்கவைத்தார். தூங்கும் மகளின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று இரவெல்லாம் பார்க்கும் பழக்கம் எனக்கு. அடியோடு விட்டுவிடுகிறேன் என்றதும் ரூத் தலையாட்டி மறுத்தார். "சின்னதாக எடு. தவறினால் வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக." இரவுக்கு ஒரு தடவை என்று முடிவானது. மறுநாள் முதல் கையுறை மாட்டியபடியே கேட்பார்: "நேற்று?"

"ஒரு தடவைதான்."

என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்ப்பார்.

"சரி, கொஞ்சம் கூட."

"இன்று ஒன்று" என்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார், அறிவுரை சொல்லமாட்டார்.

போன செப்டம்பரில் அவர் எடுத்த தீர்மானத்தால்தான் இதை எழுதுகிறேன். யாராவது உதவி வேண்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்வது. கணவர் போன பிறகு எல்லாவற்றையும் தனியாகவே செய்தவர். முழங்கால் வலியோடு பையைத் தூக்குவார். நாம் கேட்டு முடிப்பதற்குள் "வேண்டாம், நன்றி" வந்துவிடும். "எனக்கு இங்கிலீஷில் வேண்டாம் மட்டும்தான் வருகிறது. உங்கள் மொழியில் சொல்லிக்கொடுங்கள்" என்றார். நான் "ஆமா" என்றேன். அக்கா விடவில்லை. "அது இந்தியாக்காரர் சொல்லுறது. ஓம் எண்டு சொல்லுங்கோ. சின்னச் சொல்லு, வாய் நோகாது." ரூத் "ஓம்" என்பதையே எடுத்துக்கொண்டார். எனக்கு அதிலும் கொஞ்சம் மனத்தாங்கல்.

கோடை முடிந்து இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவைத்ததும், மாலையிலேயே இருட்டத் தொடங்கிய சமயம், ஒருநாள் அவரைக் காரில் கோல்ஃபீல்டில் இறக்கிவிட்டேன். அவர் வீட்டு வாசல் விளக்கு எரியவில்லை. படி கண்ணுக்கே தெரியவில்லை. அவர் சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

"பல்பு போயிடுச்சா? என் கணவரை அனுப்பறேன், மாத்திக் கொடுப்பார்."

"வேண்டாம், நன்றி."

சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. நீ கேட்டுவிட்டாய்."

"கேட்டேன். இதைத் தவறியதாகத்தான் எடுத்துக்குவேன்."

"எடுத்துக்கொள். அடுத்தவர் கேட்கட்டும், ஓம் என்று சொல்கிறேன்."

அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

யூதர்கள் மறுநாளே அடக்கம் செய்துவிடுகிறார்கள். நமக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கம் விசாரிக்க நானும் அக்காவும் ஒரு மாலையில் போனோம். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"உள்ளுக்கு வாருமன். சனம் பார்க்குது."

"அக்கா, இந்த பல்பை நீங்க மாத்தினீங்களா?"

"நானோ? எனக்குக் கதிரையில ஏறினாலே தலை சுத்தும்."

ரூத்தின் மகனிடம் கேட்டேன். தான் வந்தபோதே எரிந்ததாகச் சொன்னார். அது போயிருந்ததே அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு முதியவரையும் விடவில்லை; மாற்றியது அவர் இல்லை, என் கணவரும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். ரூத் வீட்டில் எல்லா விளக்கும் மங்கலான மஞ்சள். வாசலில் மட்டும் கண்ணைக் குத்தும் வெள்ளை. நம் வீடுகளில் கூடத்துக்கும் சமையலறைக்கும் வாங்கிப் போடுவோமே, அதே வெள்ளை. ஆகவே எனக்கு உங்கள் எல்லோர் மேலும் சந்தேகம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தேன் குப்பி. மகள் தின்று தீர்த்துவிட்டாள், லேபிளை மட்டும் நான் கிழிக்கவில்லை. பிறகு, "நேற்று?" என்ற அந்தக் கேள்வி. கேட்க ஆள் இல்லாததால் காலையில் பல் தேய்க்கும்போது நானே கேட்டுக்கொள்கிறேன். பொய்யும் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு ஒரே தடவைதான் பார்த்தேன்; இது உண்மை. அப்புறம், அவர் என்னிடம் சொல்லிவைத்த கடைசி வாக்கு. அதை நிறைவேற்றினாரா என்று நான் பார்க்க வேண்டும். நிறைவேற்றவில்லையென்றால், அவர் சொன்னபடி, விட்டுக்கொடுக்க வேண்டியவளும் நான்தான். விட்டுக்கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. ஆனால் காப்பாற்றிய வாக்கை, தவறியது என்று நினைத்து நான் மன்னித்தால் ரூத்துக்குப் பிடிக்காது.

அதனால் கேட்கிறேன். அந்த பல்பை மாற்றியது உங்களில் யார்? நீங்களாகவே ஏறி மாற்றினீர்களா, அல்லது மாற்றட்டுமா என்று கேட்டதற்கு அவர் "ஓம்" என்றாரா? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.