மேல்வீட்டு அன்ரியின் தம்பிக்குத் திவசம்

பத்து வயதில் நான் எழுதிய நாட்குறிப்புக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. 1998 ஓகஸ்ட் 15, சனிக்கிழமை என்று அடிக்கோடிட்டுத் தலைப்புப் போட்டு, அதன் கீழே மூன்று வரி எழுதியிருக்கிறேன். மேல்வீட்டு அன்ரியின் தம்பிக்குத் திவசம். பாயாசத்துக்குச் சவ்வரிசி போதவில்லை. வடை பதினொன்று, ஒன்று படியில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். அன்று உலகத்தில் வேறு என்ன நடந்தது என்பது பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரி மேலே தனியாக இருந்தார். வட அயர்லாந்திலிருந்து எழுபதுகளில் வந்தவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வெக்ஸ்போர்ட் என்று அயர்லாந்திலும் ஓர் இடம் உண்டு என்றும், ஆனால் அது தன்னுடைய பக்கம் இல்லை என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். அவரை நாங்கள் மேல்வீட்டு அன்ரி என்போம். உடுப்புத் தோய்க்கும் மெசின் எங்கள் சமையலறை மூலையில் இருந்ததால் சனிக்கிழமைகளில் கூடையுடன் இறங்கி வருவார். மெசின் சுற்றி முடியும்வரை எங்கள் மேசையில் இருந்து அம்மாவின் இஞ்சித் தேநீரைக் குடிப்பார். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, அன்ரிக்குத் தமிழ் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன்.

மெசினுக்கு மேலே சுவரில் மாமாவின் படம் தொங்கியது. அம்மாவின் தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சைக்கிளில் சந்தைக்குப் போனவர், விமானம் போட்ட குண்டில் செத்துப்போனார். ஊரிலிருந்து சித்தப்பா எழுதிய கடிதம் கொழும்பு சுற்றி எங்கள் கைக்கு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. "போன கிழமை" என்று சித்தப்பா எழுதியிருந்தார். எந்த வாரத்துக்கு முந்திய வாரம் என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கடிதத்தின் தலைப்பில் அவர் திகதி போடவில்லை. உறையில் இருந்த தபால் முத்திரையும் மை பரவி ஒரு வட்டமாக மட்டும் இருந்தது. பிறகு சித்தப்பாவும் இடம்பெயர்ந்து, அவரிடம் கேட்கவும் வழி இல்லாமல் போனது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் எங்கள் வீட்டில் நான் திகதி போடாமல் எதையும் எழுதாத பிள்ளையானேன்.

திகதி இல்லாவிட்டால் திதி இல்லை. திதி இல்லாவிட்டால் ஆண்டுத் திவசம் செய்ய நாள் இல்லை. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று கோயில் ஐயர் சொல்லித்தான் இருந்தார். அம்மாவுக்கு அது பொருந்தவில்லை.

"அமாவாசை எல்லாருக்கும் பொது," என்பார். "அவனுக்கெண்டு ஒரு நாள் வேணும்."

அந்த வருடம் யூலை முடிவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, அன்ரி படத்தைக் காட்டி, அது யார் என்று கேட்டார். நான் அம்மாவைக் கேட்டுச் சொன்னேன். எப்போது என்று கேட்டார். நான் கடிதத்தின் கதையைச் சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு தனக்கும் ஒரு தம்பி இருந்தான் என்றார். எழுபதுகளின் தொடக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, தெருவோரக் கார் ஒன்றில் வைத்த குண்டு. பத்தொன்பது வயது. திகதி சொன்னார், கிழமை சொன்னார், மூன்று மணி இருபது என்று நேரமும் சொன்னார். அந்தத் திகதி வந்துபோய் நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று முழுக்க மேலே திரைச்சீலை மூடியே இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் திகதியை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தத் தெரு, எந்தக் குண்டு என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அது அவர் எங்கள் மேசையில் இருந்து சொன்னது.

வட அயர்லாந்திலும் இரண்டு பக்கம் அடிபடுவதை அறிந்திருந்த அப்பா, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உவையள் எந்தப் பக்கமாம்? கேட்டுப் பார்."

நான் கேட்டேன். பஸ் தரிப்பிடத்தின் பக்கம் என்று சொல்லிவிட்டு அன்ரி எழும்பி உடுப்பை எடுக்கத் தொடங்கினார். நான் அதை அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரமே அம்மா முடிவெடுத்துவிட்டார். "திகதி, கிழமை, நேரம் எல்லாம் சுத்தமா இருக்கு. ஒருத்தரும் அந்தப் பெடியனுக்கு ஒரு பிடி சோறு வைக்கேல்லை."

"அவையளுக்கு உந்தப் பழக்கம் இல்லையப்பா," என்றார் அப்பா.

"பழக்கம் இல்லாட்டில் பசிக்காதோ?"

"வெள்ளைக்காரப் பெடியன் கத்தரிக்காய்க் குழம்பு தின்னுவானோ?"

"செத்தாப் பிறகு அது வேணும் இது வேணும் எண்டு கேக்கேலாது. நீங்களும் இப்பவே தின்னப் பழகுங்கோ."

ஐயருக்குப் போன் எடுத்தது நான். பழைய பஞ்சாங்கங்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன.

"ஆற்றை திவசம், பிள்ளை?"

"மேல்வீட்டு அன்ரியின்ரை தம்பிக்கு."

"செத்தது யாழ்ப்பாணத்திலயோ, கொழும்பிலயோ?"

"அயர்லாந்தில, ஐயா."

"அட, அங்கையும் போயிட்டுதோ எங்கடை சனம்!" என்று சொல்லிவிட்டு அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. அந்தத் திதி அந்த வருடம் ஓகஸ்ட் 15, சனிக்கிழமை வருகிறது என்றார். இங்கிலிஷ் திகதி ஏற்கெனவே முடிந்துவிட்டதே என்று நான் கேட்டேன். திவசத்துக்குச் சந்திரன்தான் கணக்கு, கலண்டர் அல்ல என்றார். அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரிக்கே தெரியாத, அவருடைய தம்பியின் உண்மையான நாள் எனக்குத் தெரியும்!

இறந்தவருக்குப் பிடித்தது ஒன்று படையலில் இருக்க வேண்டும். அதை உளவறியும் வேலையும் எனக்குத்தான். ஒன்றும் தெரியாதவள் போல அன்ரியிடம் விசாரித்ததில், எலுமிச்சை இனிப்பு என்று தெரியவந்தது. கடித்தால் பல் உடையும் சாதி. பக்கத்துப் பிளாசாவில் ஒரு பை வாங்கினோம்.

ஓமா என்பது வட அயர்லாந்தில் ஒரு சிறிய நகரம். அந்த ஓகஸ்ட் 15 அன்று அங்கே பின்னேரம் மூன்று மணி தாண்டிச் சில நிமிடங்களில் கடைத்தெருவில் நிறுத்தியிருந்த கார் வெடித்தது. எங்களுக்கு அது காலை பத்து மணி தாண்டிய நேரம். அம்மா உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். இதை நான் பல வருடங்களுக்குப் பிறகு மணிக்கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மதியம், தலை முழுகி ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, வாழையிலை போட்ட தட்டத்துடன் அம்மா முன்னால் படியேறினார். பாயாசக் கிண்ணத்துடன் நான் பின்னால். அம்மாவின் தட்டத்திலிருந்து ஒரு வடை உருண்டு கீழே போனது. மேல் கதவு திறந்திருந்தது, ரிவி சத்தமாகக் கேட்டது. அன்ரி சமையலறைச் சுவரோடு நின்று போனைக் காதில் வைத்திருந்தார். வைத்தார், திரும்ப எடுத்தார், திரும்ப எண்களை அழுத்தினார். நான் ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்ததை ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். இன்றைக்கு உங்கள் தம்பி இறந்த நாள், அம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்.

அன்ரி எங்களைப் பார்த்தார். அவனுடைய நாள் போன மாதம் என்றார். இல்லை, அது கலண்டர் கணக்கு, சந்திரனுடைய கணக்குப்படி இன்றுதான் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தார். "வாயை மூடு."

அம்மா ரிவியைப் பார்த்துவிட்டிருந்தார். முகப்பு இல்லாத கடைகள், தெரு முழுக்கக் கல், ஒரு கதவுப் பலகையில் யாரையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். மொழிபெயர்க்க என்னைக் கேட்கவில்லை. தட்டத்தை மார்போடு அணைத்தபடி பின்பக்கமாகவே நடந்து, கதவுக்கு வெளியே, பேஸ்மென்ட் படியில் அதை இறக்கி வைத்தார். என் கையிலிருந்த கிண்ணத்தையும் பறித்து அங்கேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு தெரியாத வீட்டுக்குள்ளை படையலைக் கொண்டு வந்திட்டன்," என்றார். ஒரு கிழமை வேலை வீணாகப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

அன்ரியின் அக்கா அந்த நகரத்துக்குச் சில மைல் தள்ளி இருந்தார். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற காலம், பேரப்பிள்ளைகளுக்குச் சீருடை வாங்க அந்தச் சனிக்கிழமை ஓமாவுக்குப் போவதாகப் போன கிழமைதான் சொல்லியிருந்தாராம். செய்தி கேட்டதிலிருந்து லைன் என்கேஜ்.

"என்கேஜ் எண்டால் நல்லது எண்டு சொல்லு," என்றார் அம்மா. "அங்காலை ஆரோ நிண்டு கதைக்கினம் எண்டு அர்த்தம். எடுக்க ஆளில்லாமல் அடிச்சுக்கொண்டே இருந்தால்தான் பயம்."

நான் சொன்னேன். அன்ரி அம்மாவை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நான் அன்ரியின் போன் கொப்பியைப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்ல அம்மா அழுத்தினார். அம்மா வெளிநாட்டு லைனுக்கு அழுத்துகிற வேகத்தை அன்றுதான் கவனித்தேன். நடுவில் ரிவியில் ஒருவர், குண்டு இருப்பதாகப் போனில் எச்சரிக்கை வந்தது என்றும், இடம் பிழையாக விளங்கி, சனத்தை அந்தக் கார் நின்ற பக்கமே அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் அம்மா இரண்டுமுறை சொல்லவைத்தார்.

"போகச் சொன்ன பக்கமோ?"

"ஓம், அம்மா."

அம்மா போனுடன் நிலத்தில் இருந்துவிட்டார். ஊரிலும் போகச் சொன்ன இடத்திலேதான் குண்டு விழுந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்ப அழுத்தினார்.

நான்கு மணிக்குக் கிட்ட அங்காலை மணி அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவதில் யாரோ எடுத்தார்கள். அம்மா போனை அன்ரியின் காதில் வைத்தார்.

அக்கா வீட்டில்தான் இருந்தார். பேத்திக்கு இரவு காய்ச்சல் வந்ததால் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் போனவர்கள், இன்னும் திரும்பவில்லையாம். அவர்கள் பிறகு வந்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.

போனை வைத்துவிட்டு அன்ரி நெடுநேரம் அழுதார். பிறகு பேஸ்மென்ட் கதவைத் திறந்தார். படியில் சோறும் கறிகளும் ஆறிப்போய், பாயாசத்தில் ஏடு படர்ந்திருந்தது. இலையின் ஓரத்தில் எலுமிச்சை இனிப்புகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். படியிலேயே இருந்து, கரண்டி கேட்டு வாங்கி, கத்தரிக்காய்க் குழம்பு உட்பட எல்லாவற்றையும் தின்றார். அம்மா ஒரு படி கீழே இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும், அம்மாவின் தம்பிக்கு எப்போது செய்வீர்கள் என்று அன்ரி கேட்டார். நாள் தெரியாதே என்று நான் நினைவூட்டினேன். அன்ரி யோசித்தார். என் தம்பியின் நாளை எடுத்துக்கொள்ளச் சொல்லு, அதில் இடம் இருக்கிறது என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்? சொல்லன்," என்றார் அம்மா.

அது பிழை என்று நான் அன்ரியிடம் சொன்னேன். மாமா செத்தது வேறு வருடம், மாதம்கூட இதுவாக இருக்காது. அம்மா என் துடையில் ஒரு நுள்ளு நுள்ளியதும் வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னேன். அம்மா அதைப் பெரிய யோசனையுடன் கேட்டார்.

"அந்தத் தம்பிக்குச் சம்மதமோ எண்டு கேள்."

அன்ரி சிரித்தார். அவன் மூன்று சகோதரர்களுடன் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவன், ஒதுங்கி இடம் கொடுப்பான் என்றார். அம்மாவும் சிரித்தார், சிரிப்பு முடியுமுன்பே சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடத்திலிருந்து அந்தத் திதிக்கு இரண்டு இலை. அன்ரி இறந்த பிறகும் அப்படித்தான். ஓமாவில் செத்தவர்கள் இருபத்தொன்பது பேர், வயிற்றில் இருந்த இரட்டைப் பிள்ளைகளைச் சேர்க்காமல். நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். அவர்களுடைய பெயர்களையும் வயதையும் பின்னர் ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறேன். பழைய பத்திரிகைகளைத் தோண்டி மாமாவின் நாளையும் இரண்டு திகதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டேன். போன வருடம் அதை அம்மாவிடம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தேடினால் ஒன்றாக்கிவிடலாம் என்றேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். "அவன் அங்கை பழகிட்டான்."

கொப்பியில் மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருக்கிறது. அன்று இரவு மாமாவின் நாளை அங்கே எழுதச் சொல்லி அம்மா கேட்டார், பிழையான திகதியை எழுதமாட்டேன் என்று நான் மறுத்துவிட்டேன். அதற்கு முன், படியில், சாப்பிட்டு முடிந்த இலைக்கு முன்னால் அம்மாவும் அன்ரியும் ஏன் அவ்வளவு நேரம் எழும்பாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, படியில் விழுந்த வடையைத் தேடினேன்.