பின்னட்டையில் ஒட்டிய தாள்

நூலகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். அங்கே ஒவ்வொரு நாவலின் பின்னட்டையிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும்; படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதலாம். மற்றவர்கள் 'அருமை', 'சுமார்' என்று கிறுக்கிவிட்டுப் போவார்கள். இவள் விடமாட்டாள். விருது வாங்கிய குடும்ப நாவல் ஒன்றை, "முதல் நூறு பக்கம் ஜவ்வு, கடைசி நூறு பக்கம் அழுகை, நடுவில் ஆசிரியர் தூங்கிவிட்டார்" என்று கிழித்துத் தொங்கவிட்டாள். இளையோர் காதல் கதை ஒன்றுக்கு, "பதினாறு வயதுப் பையனா இவன்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி பேசுகிறான்" என்று எழுதினாள்.

"அக்கா, நீங்க திட்டின புத்தகத்துக்குத்தான் இப்ப கிராக்கி" என்பார் நூலகர். அவளுக்குத் தலைகால் புரியாது.

பகலில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட கையிலும் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். அந்தச் சாமர்த்தியமெல்லாம் வீட்டு வாசலோடு சரி. புருஷன் குரலை உயர்த்தினால் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

மகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தாள். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். படித்தது போதுமாம், பெரியப்பா கடையில் உட்கார வேண்டுமாம்.

"வெள்ளிக்கிழமை நாலு மணியோட முடியுதும்மா. நீ கையெழுத்துப் போட்டாலே போதும்."

"அப்பாகிட்ட இன்னொரு தடவ கேளு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் படித்துக்கொண்டிருந்த இளையோர் நாவலிலும் ஒரு பெண்ணின் படிப்பை அப்பா நிறுத்துகிறார். முடித்தபோது தாரைதாரையாக அழுதாள். பின்னட்டைத் தாளில் எழுதினாள்: "சமீபத்தில் படித்ததில் நெஞ்சை அறுத்த கதை. இந்த அப்பனை மன்னிக்கவே முடியாது."

வியாழக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தது மகள். மறுநாள் மதியம் வேலை முடிந்து நூலகத்துக்குப் போன இவளிடம், நூலகர் சிரித்துக்கொண்டே அதை நீட்டினார்.

"உங்களுக்கே ஒருத்தர் பதில் எழுதியிருக்காங்க அக்கா!"

மகளின் சாய்ந்த கையெழுத்து. "அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்? அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?"

மணி இரண்டரை. வீடு இரண்டு தெரு தள்ளி. விண்ணப்பம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அப்படியே ஓடியிருக்கலாம், பாவி! மேஜை முன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"நியாயமான கேள்வி. அந்த அம்மாவுக்கு முதுகெலும்பே இல்லை. ஆனாலும் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள்."

இதுவரை எழுதியதிலேயே உண்மையான வரிகள் இவைதான் என்று அவளுக்கே தெரிந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு சொல்லை அடித்து மாற்றினாள். நிமிர்ந்தபோது மணி நாலேகால்.

திங்கட்கிழமை மகள் பெரியப்பா கடைக்குக் கிளம்பினாள். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.