கதிர் வீட்டுக்கு வந்த பிறகு சொன்ன பதில்

என் தங்கை சந்திரலேகா எங்கள் ஊரிலிருந்து எம்.எஸ்ஸி. வரை படித்த முதல் பெண். வெள்ளிமலையிலிருந்து மேற்கே நான்கு கிலோமீட்டர் நடந்தால் வரும் முப்பத்தெட்டு வீட்டு ஊர் எங்களுடையது. அடுத்தடுத்து சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். அவளைப் பதினோரு வயதில் விடுதியில் சேர்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பு திருக்கோவிலூரில், அதன் பிறகு ஐந்து வருடம் சென்னையில் உளவியல். அவள் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். பொங்கலுக்கும் மே மாதத்துக்கும்தான் ஊருக்கு வருவாள். அதாவது, சாமை விளைந்து நிற்கும் மாதங்களில் பன்னிரண்டு வருடம் அவள் ஊரில் இருந்ததே இல்லை. நடந்த தவறுக்கு அதுதான் காரணம்.

போன வருடம் ஒரு பேராசிரியரிடம் களப்பணியாளராகச் சேர்ந்தாள். தீனதயாளன் என்று பெயர். மலை மக்களின் மனநலம் பற்றிய ஆய்வு. வேலை நன்றாக முடிந்தால் அவரிடமே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கலாம் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலும் அடுத்த ஊர்களிலும் பெண்களைச் சந்திரலேகா கேட்க வேண்டும். ஆண்களை, நைனார்பாளையத்திலிருந்து வந்த பகலவன் என்ற பையன் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டான். மொத்தம் பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும்; மோசமென்றால் மூன்று. கூட்டினால் இருபதுக்கு மேல் வருகிறவருக்குக் கடும் மனச்சோர்வு.

ஐப்பசி பத்தாம் தேதி தொடங்கினாள். நான் பதினேழாவது ஆள்.

“அக்கா, ‘என் குடும்பத்தை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.’ ஆமாவா, இல்லியா?”

“இன்னா மகிழ்ச்சி. ஏதோ கீறோம்.”

“பொய் சொல்லாத. மாமா உன்ன தலமேல தூக்கி வெச்சிகினு கீறாரு.”

“கதிர் வூட்டுக்கு வரட்டும், சொல்றேன்.”

“நல்லா தூங்கறியா, அதயாவது சொல்லு.”

“கதிர் வரட்டும்டி.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு மூன்று போட்டாள். எனக்கு மொத்தம் இருபத்து நான்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுத் தானியம் கல்யாணமான பெண்ணின் பொறுப்பு. சாமைக் கதிர் பால் பிடித்த நாளிலிருந்து, அறுத்து, அடித்து, தூற்றி, வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வரைக்கும் அந்த வீட்டுப் பெண் நன்றாக இருக்கிறேன் என்று வாயால் சொல்ல மாட்டாள். பிள்ளைகள் நலம் என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் கதிர் பதராகப் போகும். ஏன் சொல்வதில்லை என்று விளக்குவதும் சொன்ன மாதிரிதான். ஆண்களுக்கு இந்தக் கட்டு கிடையாது, அவர்கள் இதைக் கண்டுகொள்வதும் இல்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கும் கிடையாது. அம்மா இருந்திருந்தால் ஒரு சித்திரையில் அவளுக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அது தோன்றவில்லை. இப்போது தோன்றியபோது என் கதிர் நிலத்தில் நின்றது.

அவள் வீடு வீடாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளாக எடுத்து அவள் மூன்று, மூன்று என்று போடுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை பதிமூன்றாம் தேதி, கட்டுக் கட்டாகத் தாள்களோடு களத்துக்கு வந்தாள். நான் தூற்றிக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது.

“அறுபத்தெட்டு பொம்பளைங்கள்ள அம்பத்தஞ்சு பேருக்குக் கடும் மனச்சோர்வுக்கா. ஆம்பளைங்கள்ள ஆறே பேரு. மலைப் பெண்கள் ஆண்களைவிட மனசளவுல நலிஞ்சவங்கன்னு சார் எழுதிட்டாரு. பதினெட்டாந் தேதி கள்ளக்குறிச்சில கூட்டம். நான்தான் படிக்கணும்.” அழ ஆரம்பித்தாள். “உனக்கு இன்னாக்கா கொற? எங்கிட்ட கூட சொல்ல மாட்டியா?”

நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

அவள் தாள்களை மடியில் வைத்துப் புரட்டினாள். கட்டத்துக்குள் அடங்காத பேச்சையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பது அவள் பழக்கம். கணினியில் ஏற்றும்போது ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தாளில் விரல் நின்றது. அடுத்த தாளிலும் நின்றது. எண்ணினாள். அறுபத்தொரு தாளில் ஒரே பேச்சு: கதிர் வரட்டும், சொல்றேன். தன்னைத் துரத்தத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அக்கா, கதிர் வர்றதுக்கு முன்னாடி சொன்னா இன்னா ஆவும்?”

நான் சாமையைப் பார்த்தேன்.

“சொல்லக்கூடாதா? ஏன்னு கேட்டாலும் சொல்லக்கூடாதா?”

முறத்தை இன்னும் வேகமாக ஆட்டினேன். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. “இத போயி சார்கிட்ட சொன்னா எனக்கு வேல இருக்காதுக்கா. படிப்பும் இருக்காது.”

பதினெட்டாம் தேதி நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ்ஸில் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கூட்டத்துக்கு முன்பே அறையில் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். நான் வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே இருந்த பகலவன் கேலி செய்தான். “எங்க ஆம்பளைங்க ஒரு டீ குடிச்சா உண்மைய சொல்லிடறாங்க. உங்க பொம்பளைங்களுக்கு இன்னா குடுக்கணும் மேடம்?”

“ரெண்டு மாசம் குடுக்கணும்” என்றாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “சொந்த ஊருங்கறதால பரிஞ்சு பேசறீங்களாம்மா? இது பல நாட்டுல கேட்ட கேள்வித்தாள்.”

“மொதல்ல யார்கிட்ட கேட்டு அளவு வெச்சாங்க சார்?”

“வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள். பெரும்பாலும் பசங்க.”

“அவங்க தன்னப் பத்தி நல்லா சொல்லிக்கறது சாதாரணம் சார். எங்க பொம்பளைங்க இந்த மாசத்துல சொல்லாம இருக்கறதுதான் சாதாரணம். அதே அளவ வெச்சி அளந்துட்டு, ஆம்பளைக்கு மனசு கெட்டி, பொம்பளைக்கு இல்லன்னு எழுதறோம்.”

அவர் தாள்களை வாங்கி ஓரங்களை மட்டும் படித்தார். பன்னிரண்டாவது தாளில் நிறுத்தினார். “பெண்கள் பகுதி இன்னிக்கு வேண்டாம். தை மாசம் திரும்பக் கேளுங்க. வேற ஒரு பெண் பணியாளரும் கூட வருவாங்க. எண்ணு மாறலன்னா அறிக்கை இப்படியே போகும். நீங்க வேற வேல பாத்துக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சத்தியம் வாங்கினாள். “யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்காத. நீ சொல்லிக் குடுத்தா அது பொய்யாயிடும்.”

மார்கழியில் எதிர்பாராத மழை பிடித்தது. ஏழு வீட்டுக் கதிர் நனைந்து தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. திரும்பக் கேட்கப் பேராசிரியர் தை பத்தாம் தேதி என்று சொல்லியிருந்தார். தினமும் காலையில் களங்களைச் சுற்றி வந்து எத்தனை வீடு பாக்கி என்று பார்ப்பேன். தை ஐந்தில் மூன்று. ஏழில் ஒன்று. அது பக்கத்து வீட்டு ஆயம்மாளுடையது. ஆறு வருடமாக நானும் அவளும் சேர்ந்து களை எடுக்கிறோம். ஒன்பதாம் தேதி சாயங்காலம் அவள் கடைசி மூட்டையை உள்ளே கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அது போதாது என்று அடுத்த பயம் வந்தது. கதிர் வந்த பிறகும் அதையே சொன்னால்?

ஐந்து நாள் கேட்டார்கள். தெருவெல்லாம் “எனக்கு இன்னாடி கொறச்சல்?” என்ற சத்தம் கேட்டது. ஐம்பத்தைந்து ஒன்பதாகக் குறைந்தது. என் இருபத்து நான்கு நான்கு ஆயிற்று. மலைப் பெண்கள் நலிந்தவர்கள் என்ற வரியைப் பேராசிரியர் அடித்துவிட்டு, நடந்ததை அறிக்கையிலேயே எழுதினார். சந்திரலேகாவின் வேலை நிலைத்தது, படிப்புக்கும் பெயர் சேர்த்தார்கள்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்த ஒம்பது பேர, அம்பத்தஞ்சுக்குள்ள எப்டிக்கா கண்டுபுடிச்சிருப்போம்?”

பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்வது அவள் தொழிலில் தவறு. மறுவாரம் ஆயம்மாளே என்னிடம் வந்தாள்.

“எனக்கு எண்ணு ஜாஸ்தியாம்டி. கதிர் வந்தாச்சு, இப்ப சொல்லுக்கான்னு உன் தங்கச்சி கேட்டா. நல்லா கீறேன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல எங்கிட்ட. அழுதுட்டேன்.”

ஊரில் எல்லாப் பெண்களும் ஏதோ கீறோம் என்று சொல்லும் மாதங்களில் அவளும் அதைத்தான் சொன்னாள். மற்ற மாதங்களில் கேலி பேசுவாள். ஆறு வருடம் பக்கத்து உழவுச் சாலில் குனிந்திருந்த எனக்கே தெரியவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, எனக்கின்னா என்றாள்.

சந்திரலேகா இப்போது மலைப் பெண்களுக்கென்று புதுக் கேள்வித்தாள் எழுதுகிறாள். முதல் கேள்வி, உங்கள் வீட்டுக் கதிர் வந்துவிட்டதா என்பது. புதன்கிழமைகளில் ஆயம்மாளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். இரண்டு தடவை ஆயம்மாள் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன புதன் போனார்கள். ஐந்தரைக்கு வரவேண்டிய பஸ் ஆறேகால் வரைக்கும் வரவில்லை. நான் வெள்ளிமலை நிறுத்தத்திலேயே நின்றேன். முதலில் ஆயம்மாள் இறங்கினாள், பின்னால் மாத்திரைப் பையோடு என் தங்கை.