ஷிப்ட் பஸ்ஸில் ஒரே டிக்கெட்

கூலி தராத கட்டிட வேலையை விட்டு நடந்துவந்தவன், கர்நாடகத்து ஹெப்பாளில் அரசு ஷிப்ட் பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன். பஸ் முழுக்கத் தொழிற்சாலைப் பெண்கள். அவர்களுக்கு இலவசம், காசு கொடுத்தது நான் மட்டும். வசூல் இல்லாததால் இந்த பஸ்ஸை நிறுத்தப்போகிறார்களாம். நின்றால் பாதிப் பேர் வேலையை விடவேண்டியதுதான்.

“பஸ் மேல ஊறுகாய் விளம்பரம் ஒட்டட்டும்!” என்கிறாள் ஒருத்தி.

“அது எத்தன நாளைக்கு? கம்பெனிக்காரங்க காசு குடுக்கட்டும். ஆளு அவங்களுக்குத்தான வேணும்?”

தமிழ் பேசும் மார்டள்ளி ஊர்க்காரி செல்வி என் டிக்கெட்டைப் பிடுங்கித் தூக்கிக் காட்டுகிறாள். “அதுவரைக்கும் பஸ் இவர் காசுலதான் ஓடணும். தினமும் வந்துருங்ணா!”

“எனக்கு வேலையே இல்லையேம்மா.”

“எங்க கேன்டீன்ல பாத்திரம் கழுவ ஆளில்லீங்ணா.”

பஸ்ஸே குலுங்கிச் சிரிக்கிறது. நானும்தான்.

மறுநாள் காலை நான் டிக்கெட் வாங்கும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். எட்டு மணிக்குக் கேன்டீனில் முதல் அண்டாவைத் தேய்க்கிறேன்.